மூடியைத் தொலைச்ச மகராசா, கேளு

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. மூஞ்சி ஏன் தொங்கிக் கெடக்கு? வேலை போயிட்டா? பாத்து வச்ச பொண்ணு வேண்டாம்னுட்டாளா? ரெண்டும் இல்லையா? பொறவு என்ன? லென்ஸ் மூடி தொலைஞ்சு போச்சா? அட சவமே! ஒரு பிளாஸ்டிக் வட்டத்துக்கா லே இந்த ஒப்பாரி?

மூடி தொலையாத காமிராக்காரனை இந்த லோதி ரோட்டுல நான் பாத்ததே கெடையாது. காலங்காத்தால லோதி தோட்டத்துல நடக்கப் போற கெழவன் நான். அங்க நடக்குற கூத்து எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம், கல்யாணத்துக்கு முந்தியே கல்யாண போட்டோ எடுக்குற கும்பல். பொண்ணு பாவாடைய ரெண்டு பேரு தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடுதானுவ. இன்னொரு பக்கம், இருவாச்சி பாக்க வந்த பெரிய மனுசங்க. ஆளுக்கொரு முழ நீளத்துல லென்ஸ். லோதி காலனிப் பக்கம் போனா, சுவத்துல வரைஞ்சிருக்க பெரிய பெரிய படத்து முன்னால நின்னு இன்னொரு படம். சாயங்காலம் தோட்டத்துல கூட்டிப் பெருக்குற ஆளு கையில பாரு, சருகோட ரெண்டு மூடி இருக்கும்.

போன குளிர்காலத்துல அத்புலா பாலத்து மேல ஒருத்தன் நின்னான். அக்பர் காலத்துப் பாலம் லே அது, எட்டுத் தூண். இவன் கழுத்துல ஒரு காமிரா, தோள்ல ஒண்ணு, முதுகுல மூட்டை. மூடியக் கழட்டி எங்க வைக்கன்னு தெரியாம வாயில கவ்விக்கிட்டான். அந்நேரம் பாத்து இருவாச்சி ஒண்ணு பறந்துது. ‘ஆ’ன்னு வாயத் தொறந்தான். தொப்! மூடி தண்ணியில. கீழ நின்ன வாத்து ரெண்டும் பொரி போட்டுட்டானுவன்னு ஓடியாந்து, கொத்திப் பாத்துட்டு, தலைய ஒதறிக்கிட்டுப் போயிட்டு. வாத்துக்கு இருந்த தெளிவு அவனுக்கு இல்ல. அங்கனயே போன எடுத்து ‘ஒரிஜினல்’ மூடி தேட ஆரம்பிச்சுட்டான். பறந்த இருவாச்சி திரும்பி வந்து, தலைக்கு மேல இருந்த கெளையில உக்காந்து அவனையே பாத்துக்கிட்டு இருந்துது. நிமுந்தே பாக்கல லே, அந்த மகராசன்!

நீயும் அந்த வகையறாதானே? ராத்திரி பூரா போன நோண்டியிருப்ப. மூடி ஒரு விலை, அது வீடு வந்து சேர அதுக்கு மேல ஒரு விலை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வந்த பொறவு போட்டுப் பாத்தா நிக்காது. ஏன் நிக்கும்? அளவு தெரியாமல்லா வாங்கியிருக்க!

சரி, உன் லென்ஸ் வாய் அளவு என்ன, சொல்லு பாப்போம். அம்பதா? லே, அம்பதுங்கது கண்ணாடிக்கும் உள்ள விழுற படத்துக்கும் உள்ள தூரக் கணக்கு. அதுக்கும் வாய்க்கும் என்ன லே சம்பந்தம்? அம்பது மில்லி மூடின்னு கடையில கேட்டா அவன் உன்னைய ஏற எறங்கப் பாப்பான். கேனன்காரனோட இ.எஃப். வகைச் சின்ன அம்பது எஸ்.டி.எம். இருக்கே, அதுக்கு வாய் 49. அதுக்கு முந்தி வித்த சின்ன அம்பதுக்கு 52. அந்த 18-55 இருக்கே, காமிராவோட ஓசியா வாரது, அது கேனன்ல பாதிக்கு மேல 58. நிக்கான்ல ரொம்ப நாளு 52-ஆ இருந்துட்டு பொறவு 55 ஆச்சு. பேரு ஒண்ணு, வாய் மூணு. பேரச் சொல்லி மூடி வாங்குனா வெளங்குமா?

அளவு எங்க இருக்குன்னு கேப்ப. உன் கண்ணு முன்னாலதான் இருக்கு. லென்ஸோட மூக்கு வளையத்தச் சுத்திப் படி. வட்டம் போட்டு, குறுக்க ஒரு கோடு கிழிச்சு, பக்கத்துல ஒரு எண் போட்டிருப்பான். 49, 52, 55, 58, 62, 67, 72, 77, 82, இப்படி ஏதாவது ஒண்ணு. வீட்டுல வேற மூடி கெடந்தா அதோட உள்பக்கத்துலயும் பாரு, அநேகமா அங்கயும் இருக்கும். நாப்பதாயிரம் குடுத்து வாங்குன பொருள்ல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாவது படிச்சியா? காய்ச்சல் மாத்திரையில கூட தேதி பாக்கோம் லே.

எழுத்து தேஞ்சு போச்சா? பழைய பொருளுன்னா போயிருக்கும்தான். தங்கச்சி பள்ளிக்கூடத்து ஸ்கேல எடுத்துக்கோ. மறை இருக்குற உள்வாய அளந்து பாரு. 57 காட்டுனா அது 58. மறையோட பல்லு உள்ள துருத்திக்கிட்டு நிக்கதால ஒரு மில்லி போலக் கம்மியாத்தான் காட்டும். காமிராவோட சேக்குற உதிரி சாமான்ல சிலதுக்கு முன்பக்கம் மறையே இருக்காது. பழைய அகலக் கண்ணாடி கன்வெர்ட்டர்லாம் அப்படித்தான். அதுக்குக் கிள்ளுற மூடி ஒக்காது, மேல தொப்பியாட்டம் கவுக்குற மூடிதான். அப்ப உள்வாய அளக்காத, வெளிவட்டத்த அள. இது தெரியாம உள்வாய அளந்துட்டு, ‘கடைக்காரன் ஏமாத்திட்டான்’னு ஊரக் கூட்டுவானுவ.

கிள்ளுறதுலயும் ரெண்டு சாதி இருக்கு. ஓரத்துல கிள்ளுறது, நடுவுல கிள்ளுறது. நீ நடுவுல கிள்ளுறதையே வாங்கு. வெயில் மறைக்க ஹூட் மாட்டியிருப்பல்லா? அது மாட்டியிருக்கும்போது ஓரத்துல கிள்ள வெரலு போவாது. இவ்வளவுதான் சூட்சுமம். இதுக்கு மணிக்கணக்கா வீடியோ பாக்கானுவ.

இனி ‘ஒரிஜினல்’ சங்கதிக்கு வாரேன். முன்மூடியில கம்பெனி பேரு கொட்டை எழுத்துல இருக்கணும், அதானே உன் ஆசை? நல்லா யோசிச்சுப் பாரு. படம் எடுக்கும்போது மூடி எங்க இருக்கும்? உன் கால்சட்டப் பையில. எடுத்து முடிச்சு மூடியப் போட்டா காமிரா எங்க போவும்? பைக்குள்ள. அந்தப் பேர யாரு லே படிக்கா? பைக்குள்ள இருக்குற சீப்பும் சில்லறையும் படிக்கும். நூறு இருநூறு ரூபாயில கெடைக்குற பேரில்லா மூடியும் தூசிய அப்படியேதான் தடுக்கும். மே மாசத்து ஆந்தி, அதான் புழுதிக்காத்து, அடிக்கும்போது டெல்லித் தூசி வந்து, ‘இது எந்தக் கம்பெனி மூடி?’ன்னு விசாரிச்சுட்டா உள்ள போவுது?

மூடிய அவ்வளவு லேசா நெனச்சுராத, என்ன. ஒரு காலத்துல காமிராவுக்கே மூடிதான் எசமான். பொத்தானும் கெடையாது, ஷட்டரும் கெடையாது. முக்காலியில காமிராவ நிறுத்தி, மூடியக் கழட்டுவான், வாய்க்குள்ள எண்ணுவான், திரும்ப மூடுவான், படம் விழுந்துரும். சிப்பாய்க் கலகம் இங்க அடங்குன கையோட 1858-ல இந்த டெல்லியப் படம் எடுக்க வந்தான் பெலிசே பியாட்டோ. அதே வருசம் நம்ம மதுரையிலயும் தஞ்சாவூர்லயும் கோயில் கோயிலா எடுத்துக்கிட்டு இருந்தான் லின்னேயஸ் ட்ரைப், மதராஸ் சர்க்காரோட போட்டோக்காரன். அவனுவ காலத்துல மூடியத் தொலைச்சா அன்னைக்குப் பொழப்பு போச்சு. நீ ஒரு நொடிய ஆயிரமாப் பிரிச்சு எடுக்குற காமிராவ வச்சுக்கிட்டு, மூடி இல்லைன்னு படமே எடுக்காம உக்காந்திருக்க. நல்லா இருக்கு லே உன் நியாயம்!

சரி, முன்பக்கம் முடிஞ்சுது. பின்பக்கம்? அங்கதான் கணக்கே வேற. பின்மூடிக்கு மில்லிக் கணக்குக் கெடையாது, குலம் கோத்திரம் பாக்கணும். நிக்கான் 1959-ல ஒரு வாய் வச்சான், எஃப்னு பேரு. கேனன் 1987-ல இ.எஃப். வச்சான். சோனியோட ஈ 2010-ல வந்துது. 2018-ல நிக்கானும் கேனனும் மறுபடி புது வாய் வச்சுட்டானுவ, ஒருத்தன் இசட், இன்னொருத்தன் ஆர்.எஃப். ஒண்ணோட மூடி இன்னொண்ணுக்குச் சேராது. நிக்கான்காரன் மாட்டும்போது திருப்புற திசை கூட ஊருக்கெல்லாம் எதிர்த்திசை. உங்க சித்தப்பன் மாதிரி, எல்லாரும் வலம் போனா அவன் எடம் போவான். சேராததப் போட்டு அமுக்கித் திருவாத. உள்ள வரிசையா மஞ்சப் புள்ளி இருக்கே, அது ஒரசிப் போச்சுன்னா மூடிச் செலவோட முடியாது. பின்மூடியும் பேரில்லாததே வாங்கலாம். ஆனா மாட்டித் தலைகீழாப் பிடிச்சு ஒரு குலுக்குக் குலுக்கிப் பாரு. ஆடுனா கடைக்காரன் கையிலயே திருப்பிக் குடுத்துரு.

அடுத்தது உன் டெலிகன்வெர்ட்டர், லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவுல மாட்டுறது. அதுக்கு முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணுன்னு ரெண்டு மூடி வேணும்கான்னு நேத்துப் பொலம்புனியே. தோட்டத்துக்குள்ள சிக்கந்தர் லோதி சமாதியப் பாத்திருக்கியா? 1517-ல செத்த மனுசன். அவரு சமாதிக் கும்மட்டம் ரெண்டு அடுக்கு. உள்ள ஒரு கூடு, மேல ஒரு கூடு. செத்துப் போன ராசாவுக்கே ரெண்டு மூடி போட்டிருக்கானுவ, உன் கண்ணாடிக்கு ரெண்டு போட வலிக்குதாக்கும்?

இதுல ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்யுது. பின்பக்கத்துக்குச் சாதா பின்மூடி போதும். முன்பக்கத்துக்கு, காமிரா ஒடம்புக்குப் போடுற மூடி வாங்கிப் போட்டுரலாம்னு தோணும். கேனன் கன்வெர்ட்டர்ல முன்கண்ணாடி வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். தட்டையான ஒடம்பு மூடி அது மேல இடிக்கும். அதுக்குன்னே குழி வச்ச மூடி ஒண்ணு அவன் செஞ்சு விக்கான், எக்ஸ்டெண்டர் கேப் ஈ டூன்னு பேரு. நிக்கான்லயும் அதுக்குத் தனி மூடி இருக்கு, பி.எஃப். த்ரீ ஏ, த்ரீ பின்னு உன் கன்வெர்ட்டர் வயசப் பொறுத்து. இந்த ஒரு எடத்துல மட்டும் நான் உன்னையத் தடுக்க மாட்டேன். ஒரிஜினலே வாங்கித் தொலை. பக்கத்து வீட்டு மாப்ள வச்சிருக்கானே எக்ஸ்டென்ஷன் டியூப், பூச்சி படம் எடுக்க, அதுல கண்ணாடியே கெடையாது, வெறும் ஓட்டை. அதுக்கு ஒடம்பு மூடி ஒண்ணு, பின்மூடி ஒண்ணு, சாதா சரக்கே ஏராளம். ஓட்டைக்கு எதுக்கு ‘ஒரிஜினல்’? அவன் அதையும் ஜப்பான்லேருந்து வரவழைக்கான். வரவழைக்கட்டும். அவன் மாமனாரு காசு.

தாத்தா காலத்து ரெட்டக்கண் ரோலிஃப்ளெக்ஸ் கையில வச்சிருக்கவனப் பாத்தா மட்டும் எனக்குக் கொஞ்சம் எரக்கம் வரும். அதுக்கு மறை கெடையாது, வேற மாதிரிப் பூட்டு. பே ஒண்ணு, பே ரெண்டு, பே மூணுன்னு முக்கியமா மூணு அளவு. மேல கண்ணு, கீழ கண்ணு ரெண்டையும் சேத்து மூடுற ஒத்த மூடி. யாஷிகா மேட் வச்சிருக்கவன் பே ஒண்ணு கேக்கணும். அத ஒழுங்கா நெனவு வச்சுக்கிட்டுப் போனா பழைய சாமான் கடையில என்னைக்காவது மாட்டும். மாட்டுற வரைக்கும் மேல ஒரு சின்னத் துணிப் பையக் கவுத்து நாடாவ இழுத்துக் கட்டு. காமிரா ஒண்ணும் கோவிச்சுக்காது.

இனி எங்க போயி வாங்கன்னு சொல்லுதேன். ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் மெட்ரோ ஏறு. ஊதா லைன். மாறவே வேண்டாம், நேரா லால் கிலாவுல எறங்கு. ஜோர்பாக் பக்கத்துல இருந்தா மஞ்ச லைன் ஏறி சாந்தினி சவுக். அங்க கூச்சா சவுத்ரின்னு கேளு, காமிரா சந்து. ரெண்டு பேரு எதுத்தாப்புல வந்தா ஒருத்தன் பக்கவாட்டுல திரும்பித்தான் போவணும். மேல பாத்தா வானத்துக்குப் பதிலா கரண்டு வயரு. ஞாயித்துக்கெழம போவாத, கடை அடைச்சிருக்கும். உனக்கு அன்னைக்குத்தானே லீவு? சனிக்கெழம அரை நாள் போட்டுட்டுப் போ.

போவும்போது மூடி இல்லாத பொருளையே கையோட எடுத்துட்டுப் போ. போன்ல படம் காட்டாத. அவன் கண்ணாடிப் பொட்டிக்குக் கீழேருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவ இழுப்பான். உள்ள மூடியா கெடக்கும். கை விட்டுத் துழாவி, ஒண்ண எடுத்து உன் லென்ஸ் மேல வச்சு ‘கிளிக்’னு அமுக்குவான். அந்தச் சத்தம்தான் உனக்கு ரசீது. விலை கேட்டுட்டு ஒடனே தலையாட்டாத. ‘ரெண்டு எடுத்தா என்ன விலை?’ன்னு கேளு. ரெண்டா எடு. ஒண்ணு எப்படியும் அத்புலா வாத்துக்குத்தான்.

மூடியோட வாலு மாதிரி ஒரு கயிறு விக்கான், மூடியையும் லென்ஸையும் சேத்துக் கட்ட. நல்ல யோசனை மாதிரித்தான் தெரியும். காத்தடிச்சா அந்த மூடி ஆடி ஆடி லென்ஸத் தட்டும், முக்காலியில வச்ச காமிராவ நடுங்க வைக்கும், வீடியோவுல ‘டக் டக்’னு கேக்கும். மூடி கழட்டுனா எடது கால்சட்டப் பை. எப்பவும் எடது. கையிக்கு அது பழகிட்டா கயிறு எதுக்கு?

லென்ஸ் ஆறேழு வச்சிருக்க பணக்காரனா நீ? அப்ப ஒரு குறுக்குவழி. சின்ன வாய பெருசாக்குற வளையம் இருக்கு, ஸ்டெப்-அப் ரிங்னு கேளு. எல்லாத்தையும் 77-க்குக் கொண்டுபோயிரு. ஃபில்டரும் ஒரே அளவு, மூடியும் ஒரே அளவு. எது எதோடதுன்னு தேடுற வேலையே இல்ல. அந்த லென்ஸோட சொந்த ஹூட் மாட்டாமப் போவும், அத மட்டும் யோசிச்சுக்கோ.

கூடு? அதையும் கேட்டியே. தோல் கூடு, கம்பெனி முத்திரை குத்துனது, உள்ள செவப்பு வெல்வெட்டு. பழைய ஃபில்டர் ஒண்ண அம்பது ரூபாய்க்கு வாங்கிட்டு அதோட ‘அசல்’ தோல் கூட்டுக்கு ஆயிரம் குடுக்க ரெடியா நிக்கான் ஒருத்தன். ஆனைய விட அங்குசம் பெருசு! தோலுக்கு ஈரத்தக் குடிச்சு வச்சுக்குற கொணம் உண்டு. டெல்லியில மழைக்காலம் கொஞ்ச நாளு, தப்பிச்ச. அதையே மெட்ராசுல உங்க அத்தை வீட்டு பீரோவுல வச்சுட்டு வா, ஒரு வருசம் கழிச்சுக் கண்ணாடி மேல வெள்ள நூலாப் பூஞ்சை பூத்திருக்கும். பழைய கெட்டிப் பொட்டியில ஸ்பாஞ்சு வச்சிருப்பான், அதையும் பாரு. வெரலால அமுக்கிப் பாத்தா பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா பிச்சு எறி. அது ஒழுகிக் கண்ணாடியில ஒட்டுனா அல்வாவ விட மோசம்.

ஃபில்டருக்குக் கூடே வேண்டாம் லே. எல்லாம் ஒரே அளவுன்னா ஒண்ணு மேல ஒண்ணாத் திருகு. மேல ஒரு தகர மூடி, கீழ ஒரு தகர மூடி, ரெண்டும் மறை வச்சது, ஸ்டேக் கேப்னு ஜோடியா விக்கான். ரொம்ப முறுக்காத, பொறவு கழட்ட என்னையக் கூப்பிடுவ.

லென்ஸுக்கு உங்க ஆத்தா சோறு கட்டிக் குடுத்த எவர்சில்வர் டப்பா இருக்கா? அழுத்தி மூடுற மூடி வச்சதுன்னா அதுதான் முதல்தரம். நல்லாக் கழுவி, காயவச்சு, மூக்குக்கண்ணாடி தொடைக்குற துணியில லென்ஸச் சுத்தி உள்ள வை. செருப்பு டப்பாவுல வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், புதுசா ரெண்டு வாங்கிப் போடு. அரிசியில பொதச்சு வைக்காத. எவனோ சொன்னான்னு ஒருத்தன் வச்சான், எடுத்தப்போ லென்ஸ் இடுக்கெல்லாம் அரிசி மாவு. பழைய கம்பளி சொட்டரையும் சுத்தாத, நூலு உதுந்துக்கிட்டே இருக்கும். ஜனவரிப் பனியில எடுத்துட்டு ஹீட்டர் போட்ட ரூமுக்கு வந்தா ஒடனே டப்பாவத் தொறக்காத, கண்ணாடி வேத்துரும். வெளியிலயே ஜிப் வச்ச பிளாஸ்டிக் பையில போட்டு மூடிரு, உள்ள வந்த பொறவு அரை மணி கெடக்கட்டும். அதுக்குள்ள நீ காப்பியக் குடி.

டப்பாவ வெளிய எடுக்க வெக்கமா இருக்கா? ஹாபிடாட் சென்டர் வாசல்ல எவர்சில்வர் டப்பாவத் தொறந்தா மத்தவன் சிரிப்பானா? சிரிக்கட்டும். இட்லி இருக்குன்னு நெனச்சு பக்கத்துல வந்து உக்காருவான், ஒரு சிநேகம் கெடைக்கும். திருடன் எவனும் டிபன் டப்பாவத் திருட மாட்டான், அது இன்னொரு லாபம்.

எந்திரி லே, நேரமாச்சு. சனிக்கெழம போவையில என் வேலையும் ஒண்ணு இருக்கு. என் பொடி டப்பா மூடியும் காங்கல. நீ 52-ஓ 58-ஓ வாங்குற எடத்துல, சின்னதா ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வா. 37-ம் இருக்காம், 39-ம் இருக்காம். இந்தா, ஸ்கேல எடு, நீயே அளந்துக்கோ. உள்வாயா வெளிவட்டமான்னு என்னைய மட்டும் கேக்காத.